எக்ஸாபைட்டை எட்டிய வழி: செர்ன் தரவுக் கட்டமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

2023 செப்டம்பர் இறுதியில் ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்ன் ஒரு செய்தியை வெளியிட்டது. தனது டிஸ்க் சேமிப்பின் கொள்ளளவு ஒரு எக்ஸாபைட்டை, அதாவது பத்து லட்சம் டெராபைட்டை, தாண்டிவிட்டதாக அறிவித்தது. அந்தக் கிடங்கைத் தாங்கி நின்றவை 1,11,000 சேமிப்புச் சாதனங்கள். அவற்றில் பெரும்பாலானவை கடையில் கிடைக்கும் ரகத்து ஹார்டு டிஸ்குகளே.

எண்ணைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் இருந்தால் டிஸ்கை எவரும் வாங்கிவிடலாம். ஆராய்ச்சி நிறுவனங்களில் கணினி மையம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கதையில் பயன்படக்கூடிய பகுதி வேறு. இந்தக் கட்டமைப்பைத் திட்டமிட்டவர்கள் எது பற்றாக்குறையாகும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பக் கட்டினார்கள். பற்றாக்குறை வேறோர் இடத்தில் வந்து நின்றது. அங்கே சரிசெய்தால் அடுத்தது இன்னோர் இடத்தில் முளைத்தது. அந்த இடமாற்றங்களைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பதே என் நோக்கம்.

எவ்வளவு வருகிறது, எவ்வளவு தங்குகிறது

சுவிட்சர்லாந்து–பிரான்ஸ் எல்லைக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிறது எல்எச்சி துகள் மோதுகருவி. புரோட்டான் கொத்துகள் அதில் நொடிக்கு 4 கோடி முறை வரை குறுக்கிடும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் பல மோதல்கள் நடப்பதால், நொடிக்கு ஏறத்தாழ 100 கோடி மோதல்கள். டிடெக்டர்களில் பிறக்கும் சமிக்ஞைகள் அனைத்தையும் எழுதி வைப்பதென்றால் நொடிக்கு ஒரு பெட்டாபைட் அளவுக்கு இடம் வேண்டும். அது நடக்காத காரியம்.

ஆகவே முதல் வேலை கழிப்பது. அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரு பெரிய சோதனைகளில் தனி வன்பொருள் ஒன்று சில மைக்ரோவினாடிகளுக்குள் முடிவெடுத்து, நொடிக்கு ஒரு லட்சம் மோதல் பதிவுகளை மட்டும் உள்ளே விடும். அடுத்து, சோதனைக்கூடத்திலேயே இருக்கும் கணினிப் பண்ணை அவற்றை ஆராய்ந்து, சுமார் ஆயிரத்தை மட்டும் நிலைத்த சேமிப்புக்கு அனுப்பும். கழிக்கப்பட்டதை மீட்க வழியே இல்லை. தரவு மேலாண்மைத் திட்டங்களில் பக்கம் பக்கமாகச் சேமிப்பைப் பற்றி எழுதுகிறோம். எதை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். இங்கே அந்த முடிவு இயற்பியலின் மையத்திலேயே இருந்தது. அதனால்தான் பின்னால் வந்தவை சமாளிக்கக்கூடியவையாக இருந்தன.

எஞ்சியதும் சிறிதல்ல. ஆண்டுக்குச் சுமார் 15 பெட்டாபைட் என்று தொடக்கத்தில் திட்டமிட்டார்கள். கச்சாத் தரவோடு வேலை முடிவதில்லை. அதைத் துகள் தடங்களாக மறுகட்டமைக்க வேண்டும். மென்பொருள் மேம்படும்போது மீண்டும் மறுகட்டமைக்க வேண்டும். கோட்பாட்டோடு ஒப்பிடுவதற்கு நிஜத் தரவுக்கு நிகரான அளவில் கணினி உருவகப்படுத்தலும் நடக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் அவரவர் ஊரில் இருந்தபடி இவையனைத்தையும் திறந்து பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் ஜெனீவாவில் ஏன் வைக்கவில்லை

1990களின் தொடக்கம் வரை செர்ன் மெயின்ஃபிரேம்களை நம்பியிருந்தது. ஷிஃப்ட் என்ற திட்டம் யூனிக்ஸ் கணினிகளையும் டிஸ்க் சர்வர்களையும் டேப் சர்வர்களையும் வலையமைப்பில் பிணைத்து, அதே வேலையை மலிவாகச் செய்யலாம் என்று காட்டியது. 1996இல் ஐபிஎம் மெயின்ஃபிரேம் விடைபெற்றது; பிறகு லினக்ஸ் பிசிக்கள் வந்தன. எனவே எல்எச்சிக்குத் திட்டமிட்டபோது எந்த ரகப் பெட்டி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவற்றை எங்கே வைப்பது என்பதே கேள்வி.

1990களின் இறுதியில் மொனார்க் என்ற ஆய்வுத் திட்டம் ஒரு பதிலைத் தந்தது. செர்ன் பூஜ்ய அடுக்கு. பெரிய நாடுகளின் தேசிய மையங்கள் முதல் அடுக்கு. பல்கலைக்கழகங்கள் இரண்டாம் அடுக்கு. தரவு மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும். 2001இல் ஹாஃப்மன் மதிப்பாய்வு என்று அறியப்பட்ட ஆய்வு இந்த மாதிரியை ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் செர்ன் ஆட்சிமன்றம் பல ஊர்களின் கணினிகளை ஒன்றாகப் பிணைக்கும் எல்எச்சி கணினி கிரிட் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. முன்பு ஷிஃப்ட் திட்டத்தில் முக்கியப் பங்காற்றிய லெஸ் ராபர்ட்சனே இதற்கும் தலைமை தாங்கினார்.

இதை ஒரு தொழில்நுட்ப முடிவாகவே பெரும்பாலான வரலாறுகள் எழுதுகின்றன. எனக்கு அது முதலில் நிதி முடிவாகவே தெரிகிறது. தேவையான மொத்தக் கணினித் திறனைச் செர்னின் வரவுசெலவுக்குள் வாங்க முடியாது. உறுப்பு நாடுகளும் மற்ற நாடுகளும் பணம் தரத் தயாராக இருந்தன. அந்தப் பணத்தில் வாங்கும் இயந்திரம் தங்கள் மண்ணில் இருந்தால், அதை இயக்கும் திறமையும் தங்கள் ஊரிலேயே வளரும் என்பதும் அவற்றுக்குத் தெரியும். இயந்திரங்கள் சிதறிக் கிடக்கத்தான் போகின்றன என்று ஆன பிறகு, சிதறியவற்றை ஒன்றாகக் காட்டும் மென்பொருள் தேவைப்பட்டது. அமெரிக்காவில் இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸல்மன் போன்றோர் அப்போதுதான் கிரிட் என்ற கருத்தை முன்வைத்து, குளோபஸ் என்ற கருவித்தொகுப்பையும் எழுதியிருந்தார்கள். அது சரியான நேரத்தில் கைக்கு வந்தது.

நாடுகள் ஆண்டுதோறும் இவ்வளவு திறன், இவ்வளவு டிஸ்க், இவ்வளவு டேப் தருவோம் என்று உறுதிமொழி அளிக்கும். சோதனைகளின் கோரிக்கையைத் தனிக் குழு ஒன்று துருவித் துருவிக் கேள்வி கேட்டுக் குறைக்கும். சலிப்பூட்டும் நடைமுறைதான். ஆனால் இன்று 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள் ஒரே கட்டமைப்பாக இயங்குவதற்கு மென்பொருளைவிட இந்த உறுதிமொழித் தாள்களே அதிகம் உழைத்திருக்கின்றன என்பேன். இந்தியாவும் இதில் உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சிஎம்எஸ் சோதனைக்கும், கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் எல்எச்சியின் மற்றொரு சோதனையான ஆலிஸுக்கும் இரண்டாம் அடுக்கு மையங்களை நடத்துகின்றன. கிரிட்டின் நிலையைக் கண்காணிக்கும் கிரிட்வியூ என்ற கருவியைச் செர்னோடு சேர்ந்து எழுதியவர்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர்.

முதல் தவறான கணிப்பு: வலையமைப்பு

மொனார்க் மாதிரியின் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. டிஸ்க் மலிவாகும், கணினி மலிவாகும், நீண்டதூர வலையமைப்பு மட்டும் விலையுயர்ந்ததாகவே நீடிக்கும் என்பது அது. அக்காலத்தில் மாநாடு தோறும் காட்டப்பட்ட ஒரு வரைபடத்தில், செர்னுக்கும் மண்டல மையத்துக்கும் இடையிலான கோட்டின் மேல் நொடிக்கு 622 மெகாபிட் என்றும், இல்லையேல் விமானச் சரக்கு என்றும் எழுதியிருக்கும். டேப்பைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றுவது அன்று வேடிக்கையாகத் தோன்றவில்லை.

ஆகவே தரவு மரம்போல் இறங்கியது. பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஜெர்மனியில் இருக்கும் கோப்பு வேண்டுமென்றால், அது முதலில் ஜெர்மனியின் முதல் அடுக்குக்கு ஏறி, அங்கிருந்து லியோன் நகரின் முதல் அடுக்குக்குத் தாவி, பிறகே கீழே இறங்க வேண்டும். பகுப்பாய்வு எங்கே தேவைப்படும் என்று முன்கூட்டியே ஊகித்து, நகல்களை மையம் மையமாகக் கொட்டி வைத்தார்கள்.

2010 மார்ச் 30 அன்று 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதல்கள் தொடங்கின. சில மாதங்களிலேயே படம் தெளிவானது. செர்னிலிருந்து முதல் அடுக்குகளுக்குப் போட்ட 10 ஜிகாபிட் தனிப் பாதைகள் ஒழுங்காக வேலை செய்தன. பல்கலைக்கழகங்களின் பொது ஆராய்ச்சி வலையமைப்புகளும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தன. மாறாக, டிஸ்க் நிரம்பி வழிந்தது; நிரப்பியிருந்த நகல்களில் கணிசமானவற்றை எவரும் திறந்தே பார்க்கவில்லை. ஊகித்து அனுப்புவது பெரும் வீண் என்று தெரிந்தது.

அந்த ஆண்டு ஜூனில் ஆம்ஸ்டர்டாமில் கூடிப் பேசினார்கள். மரம் வலையாக மாறியது அதன் பிறகுதான். எந்த மையமும் எந்த மையத்திடமிருந்தும் கோப்பை எடுக்கலாம். எதற்குக் கேட்பு இருக்கிறதோ அதற்கு மட்டும் கூடுதல் நகல். கேட்பாரற்ற நகல் நீக்கப்படும். சிஎம்எஸ் ஒரு படி மேலே போய், கோப்பை நகலெடுக்காமலேயே தொலைவிலிருந்து தேவையான பகுதியை மட்டும் படிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அதற்கு உதவிய எக்ஸ்ரூட்டி நெறிமுறை அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் முந்தைய தலைமுறைச் சோதனை ஒன்றுக்காகப் பிறந்தது. இரண்டாம் அடுக்கு மையங்களுக்காகவே எல்எச்சி ஒன் என்ற தனி வலையமைப்பும் உருவானது.

கணித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1999இல் கையில் இருந்த விலைப்பட்டியலை வைத்து வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது. மாதிரியைக் கைவிட எடுத்துக்கொண்ட காலம் குறைவு என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. பல ஆண்டுகள் உழைத்து, ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு உருவாக்கிய அடுக்குமுறையை, நிஜத் தரவு வந்த முதல் ஆண்டிலேயே தளர்த்தத் தொடங்கிவிட்டார்கள்.

பணியைத் தள்ளுவதா, இழுப்பதா

கிரிட்டின் ஆரம்ப மென்பொருள் பணிகளைத் தள்ளியது. ஆராய்ச்சியாளர் பணியைச் சமர்ப்பிப்பார். மையத் தரகர் நிரல் ஒன்று எந்த மையத்தில் இடம் காலி என்று பார்த்து அங்கே அனுப்பும். தாளில் அழகாக இருந்தது. நடைமுறையில் நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வரிசை மென்பொருள், வெவ்வேறு பழுதுகள். தரகருக்குக் கிடைக்கும் நிலைத் தகவல் வந்து சேரும்போதே பழையதாகிவிடும்.

இதில் மிக மோசமான எதிரியை இத்துறையினர் ‘கருந்துளை’ என்பார்கள். ஒரு கணினியில் டிஸ்க் நிறைந்திருக்கும், அல்லது மென்பொருள் கோப்புறை இணைந்திருக்காது. அங்கே போகும் பணி ஒரே நொடியில் செத்துவிடும். பணி முடிந்ததால் கணினி மீண்டும் காலி. காலியாக இருப்பதால் அடுத்த பணியும் அதற்கே. ஒரே ஒரு பழுதான பெட்டி இரவோடிரவாக ஆயிரக்கணக்கான பணிகளை விழுங்கிவிடும். காலையில் பார்த்தால் வரிசை முழுவதும் தோல்விகள்.

தீர்வு சோதனைக் குழுக்களிடமிருந்தே வந்தது. எல்எச்சியின் இன்னொரு சோதனையான எல்எச்சிபி குழுவின் டிராக், ஆலிஸ் குழுவின் ஆலியன், 2005இல் அமெரிக்க அட்லஸ் குழுவினர் தொடங்கிய பாண்டா ஆகிய மூன்றும் ஒரே எண்ணத்தில் வந்து சேர்ந்தன. நிஜப் பணியை அனுப்பாதே. முதலில் ‘பைலட்’ என்ற வெற்று நிரலை அனுப்பு. அது போய் இறங்கிய கணினியைச் சோதித்துப் பார்க்கட்டும்: டிஸ்க் இருக்கிறதா, மென்பொருள் கிடைக்கிறதா, வலையமைப்பு வேலை செய்கிறதா. எல்லாம் சரியென்றால் மையச் சேவையைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு வேலை கொடு என்று கேட்கட்டும். பழுதான கணினியில் பைலட் மட்டும் சாகும். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

எல்லாப் பணிகளுக்குமான ஒரே வரிசையும் சோதனைக் குழுவின் கையில் இருந்தது. எந்தப் பணி முதலில் ஓட வேண்டும் என்பதை நூறு மையங்களின் அமைப்புகளில் கெஞ்சிக்கொண்டிராமல், மையத்திலேயே கடைசி நொடியில் தீர்மானிக்கலாம். 2008 வாக்கில் அட்லஸ் முழுவதும் பாண்டாவுக்கு மாறிவிட்டது.

மையங்களின் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. நியாயமான கோபம்தான். தங்கள் கணினியில் நுழைவது சோதனைக் குழுவின் பெயரில் ஒரு பைலட். உள்ளே ஓடுவது யாருடைய நிரல் என்று தெரியாது. அடையாளத்தை மாற்றிக் காட்டும் ஜிஎல்எக்ஸெக் என்ற கருவியை எழுதி இதைச் சரிசெய்ய முயன்றார்கள். அதை எல்லா மையங்களிலும் நிறுவ இழுபறி நீண்டது. பின்னாளில் கண்டெய்னர் தொழில்நுட்பம் வந்து ஒவ்வொரு பணியையும் தனிமைப்படுத்தியபோது அந்தச் சண்டையே பொருளற்றுப் போயிற்று.

மென்பொருளைப் பரப்புவதும் இதே போன்ற தலைவலியாக இருந்தது. சோதனைகளின் நிரல்தொகுப்பு பல ஜிகாபைட். சிறு சிறு கோப்புகளாகச் சிதறியது. அடிக்கடி புதுப் பதிப்பு வரும். ஒவ்வொரு மையத்திலும் ஒருவர் அதை நிறுவி, பகிர்வுக் கோப்புறையில் வைப்பார். ஆயிரம் பணிகள் ஒரே நேரத்தில் அதைத் திறந்தால் அந்தச் சர்வர் மண்டியிடும். செர்னில் உருவான சிவிஎம்எஃப்எஸ் இதை நேர்த்தியாகத் தீர்த்தது. மென்பொருளை ஒரே இடத்தில் ஒருமுறை வெளியிடுவார்கள். உலகெங்கும் உள்ள கணினிகளில் அது உள்ளூர்க் கோப்புறை போலவே தெரியும். திறக்கும் கோப்பு மட்டும் சாதாரண இணைய நெறிமுறையில், இடைநிலைத் தேக்கங்கள் வழியாக இறங்கும். இந்த ஆய்வில் வரும் மென்பொருள்களில் ஒன்றை மட்டும் இங்குள்ள ஆராய்ச்சி மையங்களுக்குப் பரிந்துரைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கோப்புகளின் எண்ணிக்கை

பெட்டாபைட் என்றால் எல்லோருக்கும் பயம். ஆனால் தரவு மேலாண்மையை முறிப்பது பெரும்பாலும் கோப்புகளின் எண்ணிக்கை. ஒரு கோப்பு எத்தனை பைட் இருந்தாலும் பட்டியலில் அது ஒரு வரி. அதன் நகல்கள் மேலும் சில வரிகள். நகர்த்தினால், நீக்கினால், சரிபார்த்தால் இன்னும் சில.

அட்லஸ் குழுவின் முதல் தரவு மேலாண்மை அமைப்பு டிக்யூ2. கோப்புகளைத் தொகுப்புகளாகக் கட்டி, எந்தத் தொகுப்பு எந்த மையத்தில் என்று மையப் பட்டியலில் எழுதும். மையத்துக்குள் கோப்பு எந்தப் பாதையில் இருக்கிறது என்பதற்கு வேறொரு பட்டியல். இரண்டு பட்டியல்களும் மூன்றாவதாக டிஸ்கில் நிஜமாக இருப்பதும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாது. பட்டியலில் இல்லாத கோப்புகள் டிஸ்கை அடைத்துக்கொண்டிருக்கும்; பட்டியலில் இருக்கும் கோப்பைத் தேடிப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. இந்த முரண்களைக் கண்டுபிடித்துக் களைவதே பலருடைய முழுநேர வேலையாயிற்று. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டபோது, செர்ன் தலைமை இயக்குநர் ரால்ஃப் ஹாயர் முடுக்கியையும் சோதனைகளையும் கிரிட்டையும் ஒரே மூச்சில் பாராட்டினார். அந்தப் பாராட்டில் ஒரு பங்கு, இப்படி இரவும் பகலும் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உரியது.

அடுத்த தலைமுறையாக எழுதப்பட்ட ரூசியோ 2014 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் இரண்டு முடிவுகள் என்னைக் கவர்ந்தவை.

முதலாவது, இரண்டாம் பட்டியலையே ஒழித்தது. கோப்பின் பெயரை ஒரு ஹாஷ் சார்பில் (ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே எழுத்துத் தொடரைத் தரும் கணக்கீட்டில்) இட்டு, வரும் எழுத்துகளிலிருந்து அது இருக்க வேண்டிய கோப்புறைப் பாதையைக் கணக்கிடுகிறார்கள். பெயர் தெரிந்தால் பாதை தெரியும். எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை, எனவே எழுதியது பிழையாகவும் போகாது. கோப்புகள் கோப்புறைகளில் சமமாகப் பரவுவது கூடுதல் நன்மை. இதற்காக அப்போதிருந்த கோடிக்கணக்கான பழைய கோப்புகளை மையம் மையமாகப் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்துக்கு அஞ்சி விட்டிருந்தால் ரூசியோவின் பாதி நன்மை கிடைத்திருக்காது.

இரண்டாவது, கட்டளைக்குப் பதிலாக விதி. இந்தக் கோப்பை அங்கே நகலெடு என்று சொல்வதில்லை. இந்தத் தொகுப்புக்கு ஐரோப்பாவில் இரண்டு நகல், ஒன்று டேப்பில், ஆறு மாதத்துக்கு, என்று விதி எழுதுகிறார்கள். அதை நிறைவேற்றுவதும் கெடும்போது சரிசெய்வதும் அமைப்பின் பொறுப்பு. காலக்கெடு முடிந்ததும், வேறு எந்த விதியும் காக்காத நகல் நீக்கத்துக்கு உரியதாகிவிடும். நீக்கும் முடிவை மனிதர் கையிலிருந்து எடுத்ததுதான் இதில் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். எந்த ஆராய்ச்சியாளரும் தன் தரவை நீக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டு நான் பார்த்ததில்லை. தொடக்கத்திலேயே காலக்கெடு கேட்டால் மட்டும் ஏதோ ஒரு தேதியைத் தந்துவிடுகிறார்கள்.

2020இல் சிஎம்எஸ் தன் சொந்த அமைப்பை விட்டு ரூசியோவுக்கு வந்தது. ஜப்பானின் பெல் 2 சோதனையும் அதையே பயன்படுத்துகிறது. போட்டிச் சோதனைகள் ஒரே கருவியில் சேர்ந்தது சாதாரணமாக நடப்பதல்ல. ஒவ்வொரு குழுவும் தனித்தனியே ஓர் அமைப்பைப் பராமரிக்க ஆட்கள் இல்லாமல் போனதே அவர்களைச் சேர்த்து வைத்தது.

சத்தமில்லாத அழிவு

2007இல் செர்ன் கணினித் துறை ஒரு சோதனை செய்தது. டேப்பிலும் டிஸ்கிலும் இருந்த சுமார் 33,700 கோப்புகளை எடுத்து, எழுதியபோது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுக் குறித்து வைத்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டார்கள். 22 கோப்புகள் பொருந்தவில்லை. ஏறத்தாழ 1,500க்கு ஒன்று. எந்த இயந்திரமும் பிழை என்று கூவவில்லை. டிஸ்க் சரியாக எழுதியதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. நினைவகம், டிஸ்க் கட்டுப்படுத்தி, அதன் உள்மென்பொருள் எனப் பல இடங்களில் இந்தப் பிழைகள் நுழைய முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது.

சிறு மையத்தில் இந்த விகிதம் கண்ணில் படாது. கோடிக்கணக்கான கோப்புகளில் அது அன்றாட நிகழ்வாகிவிடுகிறது. இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் பிறக்கும்போதே ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு நகர்வின் முடிவிலும் ஒப்பிடப்படுகிறது. டேப்புகள் ஓய்வு நேரத்தில் முழுதாகப் படித்துப் பார்க்கப்படுகின்றன. பிழைபட்ட நகலைக் கண்டால் வேறு மையத்திலிருந்து நல்ல நகல் வரும். 2017 நவம்பரில் இத்தாலியின் போலோன்யா நகர முதல் அடுக்கு மையத்தில் குடிநீர்க் குழாய் வெடித்து வெள்ளம் புகுந்தது. மையம் மாதக்கணக்கில் முடங்கியது. மற்ற மையங்கள் வேலையைத் தாங்கிக்கொண்டன. நாடுகள் பணத்தை வெளியே கொடுக்கத் தயங்கியதால் பிறந்த சிதறல், காப்பீடாகவும் பயன்பட்டது.

மின்சாரமும் ஆட்களும்

செர்னின் பழைய தரவு மையம் 1970களில் மெயின்ஃபிரேம்களுக்காகக் கட்டப்பட்டது. மேம்படுத்திய பிறகும் அது தாங்கக்கூடியது சுமார் 3.5 மெகாவாட். அதற்கு மேல் ரேக் வைக்க இடம் இருந்தாலும் மின்சாரம் இல்லை. எனவே 2013இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் விக்னர் மையத்தில் இடம் எடுத்து, இரண்டு 100 ஜிகாபிட் பாதைகளால் இணைத்து, இரண்டையும் ஒரே தரவு மையமாகவே இயக்கினார்கள். போய்வரும் தாமதம் சுமார் 22 மில்லிவினாடி. மனிதருக்குத் தெரியாத இந்தத் தாமதம், ஜெனீவாவில் ஓடிக்கொண்டு புடாபெஸ்டில் உள்ள கோப்பைச் சிறுசிறு துண்டாகக் கேட்கும் நிரலுக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த ஏற்பாடு 2019 முடிவில் நிறைவடைந்தது. 2024 பிப்ரவரியில் பிரான்ஸ் பக்கம் பிரெவெஸ்ஸின் வளாகத்தில் புதிய மையம் திறக்கப்பட்டது. படிப்படியாக 12 மெகாவாட் வரை வளர்க்கலாம். அதன் கழிவு வெப்பத்தைக் கொண்டு வளாகக் கட்டடங்களைச் சூடாக்கும் திட்டமும் உண்டு.

இயந்திரங்கள் பெருகும், ஊழியர் எண்ணிக்கை கூடாது என்று நிர்வாகம் முதலிலேயே சொல்லிவிட்டது. அதுவரை சர்வர்களை நிர்வகிக்கச் செர்னே எழுதி வைத்திருந்த கருவிகள் பல. அவற்றை அறிந்தவர்கள் செர்னுக்குள் மட்டுமே இருந்தார்கள். புதியவருக்குக் கற்பிக்க மாதங்கள் ஆகும். அவற்றை மூட்டைகட்டிவிட்டு, உலகம் பயன்படுத்தும் திறந்த மூலக் கருவிகளான ஓப்பன்ஸ்டாக்கையும் பப்பெட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஓப்பன்ஸ்டாக் அமைப்பு 2013 ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. சொந்தமாக எழுதியதைத் தூக்கி எறிவது பொறியாளர்களுக்கு எளிதல்ல. ஆனால் எல்லாவற்றிலும் அப்படிச் செய்துவிடவில்லை. சேமிப்பு மென்பொருளான ஈஓஎஸ் 2010இல் செர்னிலேயே தொடங்கப்பட்டது. டேப் பக்கத்தில் காஸ்டர் என்ற பழைய மென்பொருளுக்கு மாற்றாக வந்ததும் செர்னின் சொந்த மென்பொருளே. சந்தையில் கிடைப்பதை வாங்கு, தனித் தேவை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் எழுது என்ற இந்தப் பிரிவினையை நம் நிறுவனங்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கின்றன.

டேப் என்றால் பழம்பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. 2018 முடிவில் செர்னின் டேப் கிடங்கில் 330 பெட்டாபைட் இருந்தது. அலமாரியில் சும்மா இருக்கும் டேப்புக்கு மின்சாரம் வேண்டாம். ஒரு பைட்டுக்கான விலையும் டிஸ்கைவிடக் குறைவு. அட்லஸ் அதைக் காப்பகமாக மட்டும் பார்க்காமல், பெரும் மறுசெயலாக்கத்தின்போது டேப்பிலிருந்து சிறிது சிறிதாக டிஸ்குக்கு இறக்கி, முடிந்ததும் அழித்து, அடுத்ததை இறக்கும் முறைக்குப் போயிருக்கிறது.

பைட்டைக் குறைத்தல்

ஆனால் மிகப் பெரிய ஆதாயம் கணினித் துறையிலிருந்து வரவில்லை. இயற்பியலாளர்கள் தங்கள் தரவு வடிவத்தைத் திருத்தியதிலிருந்து வந்தது. சிஎம்எஸ் பகுப்பாய்வில் ஒரு மோதல் பதிவுக்குச் சில நூறு கிலோபைட் ஆயிற்று. மினி வடிவம் அதைப் பத்தில் ஒன்றாக்கியது. பின்னர் வந்த நானோ வடிவத்தில் ஒரு பதிவு ஒன்றிரண்டு கிலோபைட்தான். எல்லா ஆய்வுக்கும் நானோ போதாது. பாதிக்குப் போதுமென்றாலே எத்தனை டிஸ்க் மிச்சம்! முதலில் எதிர்ப்பு இருந்தது. ஒவ்வொரு குழுவும் தனக்கு வேண்டிய ஒரே ஒரு எண்ணை நீக்கிவிட்டார்கள் என்று முறையிட்டது. எதை நீக்குவது என்று வாதாடித் தீர்த்த கூட்டங்கள், எந்தச் சர்வர் கொள்முதலையும்விட அதிகம் சேமித்துக் கொடுத்தன.

ஆலிஸ் வேறு வழியில் போனது. 2022இல் தொடங்கிய மூன்றாம் ஓட்டத்தில் ஈய அணுக்கரு மோதல்களைத் தேர்ந்தெடுத்துக் கழிக்காமல், தொடர்ச்சியாக முழுவதையும் உள்ளே வாங்குகிறது. நொடிக்கு டெராபைட் கணக்கில் வருவதைச் 2,000க்கும் மேற்பட்ட கிராஃபிக்ஸ் செயலிகள் அந்த இடத்திலேயே மறுகட்டமைத்துச் சுருக்கி, நொடிக்கு நூறு ஜிகாபைட் அளவாக்கி அனுப்புகின்றன.

2030க்கு முன்

2030இல் எல்எச்சி, மோதல்களின் எண்ணிக்கையைப் பெரிதும் கூட்டும் உயர் ஒளிர்வுக் கட்டத்துக்குள் போகிறது. ஒரே குறுக்கீட்டில் 200 மோதல்கள் வரை ஒன்றின் மேல் ஒன்றாக விழும்; அட்லஸ் நொடிக்குப் பத்தாயிரம் பதிவுகளைச் சேமிக்கத் திட்டமிடுகிறது. நிதி மட்டும் ஏறக்குறைய இன்றைய அளவிலேயே நிற்கும் என்றே எல்லாக் கணக்கும் போடப்படுகிறது. முன்பு வன்பொருள் ஆண்டுதோறும் தானாகவே மலிவாகி இடைவெளியை நிரப்பியது. அந்த வேகம் இப்போது தளர்ந்துவிட்டது.

இதற்காகப் படிப்படியாக ஒத்திகை நடத்துகிறார்கள். 2021இல் எதிர்காலத் தேவையின் 10 சதவீதப் போக்குவரத்து. 2024 பிப்ரவரியில் 25 சதவீதம். இரண்டாவது ஒத்திகையில் அடிப்படை இலக்கு நொடிக்கு 1.2 டெராபிட். பெல் 2 போன்ற மற்ற சோதனைகளும் அதே பாதைகளில் தங்கள் தரவை ஓட்டின. யாருக்கு அனுமதி உண்டு என்று உறுதிசெய்யும் பழைய சான்றிதழ் முறைக்குப் பதிலாகப் புதிய டோக்கன் முறையும் முதன்முறையாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது.

அடிப்படை இலக்கை எட்டினார்கள். ஒளியிழைகள் பெரும்பாலும் சலனமில்லாமல் தாங்கின. திணறியது எதுவென்றால், எந்தக் கோப்பு எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று வரிசைப்படுத்தி அனுப்பும் கோப்பு மாற்றச் சேவை. அட்லஸ் குவித்த கோரிக்கைகளின் எண்ணிக்கையில் அது மூச்சு வாங்கியது. புதிய டோக்கன்களை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே வழங்குவதா, தொகுப்பாக வழங்குவதா என்ற கேள்வியும் அப்போதுதான் சூடுபிடித்தது. அந்தச் சேவையை அடிப்படையிலிருந்து மறுவடிவமைக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. அடுத்த ஒத்திகையில் சுமையை மேலும் கூட்டப் போகிறார்கள்.